நீ சொன்ன பெட்டி எது?

1. இந்த மடலை எழுதுபவன் கோவில்பட்டியில் தொழில் செய்யும் வழக்குரைஞன். பள்ளியில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். உன் கையைத் தவிர வேறு யார் கையும் தன் ஸ்கூட்டரில் படாமல் இத்தனை காலம் ஓட்டியவன்.

2. இதைப் பெறவேண்டிய நீ இப்போது இல்லை என்பதை அறிந்தேதான் எழுதுகிறேன்.

3. நான் கண்டது, நீ சொல்லக் கேட்டது, நானாக ஊகித்தது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் எழுத முயன்றிருக்கிறேன். சில இடங்களில் அது கைகூடவில்லை.

இந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நீதிமன்றத்தை விட்டு இறங்கும்போது தூறல் வலுத்தது. ஸ்கூட்டரின் இருக்கையைத் தூக்கி, அடியில் மடித்துக் கிடந்த மழைக்கோட்டை இழுத்தேன். போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் அந்தக் கோட்டுக்கு வேலையே வரவில்லை. இழுத்த வேகத்தில் மெக்கானிக்குகள் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் துணிச் சுருள் ஒன்று காலடியில் விழுந்து கணீரென்றது. பிரித்தேன். முதலில் வந்தது மண்ணெண்ணெய் வாசம். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைப் பார்த்தேன். பத்து-பதினொன்று அளவு. பிடியில் காய்ந்த கரிசல் ஒட்டியிருந்தது.

அந்த ஸ்பேனரை மண் விழுங்கிவிட்டது என்று நீ அறிவித்திருந்தாய். அந்த அறிவிப்புக்கு நானே நேரடி சாட்சி.

உனக்கு நினைவிருக்கும், போன வருஷக் கோடை. எட்டயபுரத்துக்குத் தெற்கே, பருத்தி எடுத்து முடிந்த ஒரு புஞ்சையில் டிராக்டர் படுத்துவிட்டது. உன் பைக்கும் பழுது என்று என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டாய். கால் நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடந்தது. நீ உடனே வேலையில் இறங்கவில்லை. பக்கத்தில் பிடுங்கிக் குவித்திருந்த பருத்திமார்க் குச்சிகளை அள்ளிவந்து வெடிப்புகளின் மேல் பரப்பி, அதன்மேல் சாக்கை விரித்து, சாக்கின்மேல் சாமான்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக அடுக்கினாய். உன்னிடம் இருந்ததெல்லாம் அந்தச் சாக்குதான். கடைசிவரை நீ பெட்டி வைத்துக்கொண்டதில்லை. வேலை முடிந்ததும் வரிசையைப் பார்ப்பாய். பல் விழுந்த இடம்போல எங்காவது இடைவெளி தெரிந்தால் தேடுவாய். இல்லையென்றால் சாக்கைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்வாய்.

டிராக்டர்காரர் வரப்பில் நின்று கேட்டார்: “என்ன மெக்கானிக்கு, பாய விரிச்சாச்சு, தூங்கப் போறீரா?”

“ஆமா அண்ணாச்சி. ஒம்ம டிராக்டருக்குத் தொணைக்குப் படுக்கப் போறேன்” என்றாய், வண்டிக்கு அடியிலிருந்து.

உன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்துத்தான் நான் கேட்டேன்: உன் மகள் செண்பகத்துக்கு மோட்டார் மெக்கானிக் படிப்பு முடியப் போகிறதே, அவளுக்கு என்ன அளவில் டூல் பாக்ஸ் வாங்கித் தரப் போகிறாய்?

“பெட்டிய விடுலே. ஷெட்டுக்குத் தரை போடணும் மொதல்ல.”

“நான் பெட்டியைக் கேட்டேன்.”

“நானும் அதத்தாம்லே சொல்லுதேன். ஒனக்குக் கமா போட்டுச் சொன்னாத்தான் வெளங்குமோ?”

இது நீ சொல்ல நான் நேரில் கேட்டது. பதில் சொல்லாமல் நழுவுகிறாய் என்று அப்போது எடுத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் என் ஸ்கூட்டர் நின்றதும், நீ இருக்கையைத் தூக்கிப் பேட்டரி முனையை இறுக்கிச் சரிசெய்ததும் உண்மை. மறுநாள் சாக்கை விரித்தபோது பத்து-பதினொன்றின் இடம் காலியாக இருந்ததும், நாம் அந்தப் புஞ்சைக்குத் திரும்பப் போய்ப் பருத்திமார்க் குச்சியால் ஒவ்வொரு வெடிப்பாகக் குத்திப் பார்த்ததும் உண்மை. “மண்ணு எடுத்துக்கிட்டுலே. இனிக் கேட்டாலும் குடுக்காது” என்று நீ குச்சியை வீசினாய். அது என் இருக்கைக்கு அடியிலேயே துணி சுற்றிப் படுத்திருந்தது.

ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றபோதுதான் செண்பகத்தின் அழைப்பு வந்தது. “மாமா, டூல்ஸ் கடைக்கு வருதீங்களா? அம்மாவும் நானும் இங்கன நின்னு சண்ட போடுதோம். கடைக்காரரு ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்தே ஓஞ்சு போனாரு.”

சண்டை எதைப் பற்றியது என்பது எனக்கு முன்பே தெரியும். மதுரையில் ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை சேரவேண்டும். உன் ஷெட் இருக்கும் இடத்துக்குச் சொந்தக்காரரோ, நடத்துவதானால் நடத்துங்கள், இல்லையென்றால் தீப்பெட்டிப் பண்டல் அடுக்கக் கேட்கிறார்கள், கொடுத்துவிடுகிறேன் என்கிறார். செண்பகத்துக்கு ஷெட் வேண்டும். உன் மனைவிக்கு அவள் மதுரைக்குப் போகவேண்டும். நீ அந்த ஷெட்டில்தான், ஒரு மத்தியானம், விரித்த சாக்கின் பக்கத்தில் விழுந்தாய். அதன் பிறகு உன் மனைவி அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கவில்லை. எட்டயபுரம் பஸ் ஷெட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். இது நான் கண்டது.

ஆகவே கடையில் அவர்கள் பெட்டியைப் பற்றிப் பேசினாலும் பெட்டியைப் பற்றிப் பேசவில்லை. கையில் தூக்கும் சிறு பெட்டி என்றால் அது பஸ் ஏறும், மதுரைக்குப் போகும். சக்கரமும் இழுப்பறைகளும் வைத்த பெரிய டிராலி என்றால் அதற்கு நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் உன் ஷெட்.

நான் நுழைந்தபோது கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். “வாங்க அண்ணாச்சி! ஜட்ஜு வந்துட்டாரு, இனி நான் யாவாரத்தப் பாக்கலாம்.”

டிராலி சிவப்பு வண்ணத்தில் செண்பகத்தின் மார்பு உயரத்துக்கு நின்றது. இழுப்பறைகள் விரலால் தொட்டாலே ஓடின. பக்கத்தில் தரையில், மேல்பகுதி இரண்டாகப் பிரிந்து அடுக்கடுக்காக விரியும் சிறு இரும்புப் பெட்டி.

“இதுல என்ன குறைச்சல்ங்கேன்?” என்று உன் மனைவி சிறு பெட்டியைக் காட்டினாள். “அவிய என்கிட்ட வாயத் தொறந்து சொன்னாவ அண்ணாச்சி. பிள்ளைக்குக் கையில தூக்குத பெட்டி போதும் ராஜி, நாலு எடத்துக்குப் போயி வரட்டும்னு.”

“அம்மா, அப்பா எங்கிட்ட என்ன சொன்னாவன்னா, வாங்குனா இழுப்பறை வச்சுப் பெருசா வாங்குவோம்ட்டி, அசைக்க முடியாத பெட்டியா இருக்கணும்னு.”

“ஏட்டி, பொய் சொல்லாத.”

“நீ சொல்லுதது மட்டும் மெய்யா?”

எனக்கு அவர்கள் இருவரையும் தெரியும். இருவருமே பொய் சொல்லத் தெரியாதவர்கள். ஆகவே நான் எனக்குப் பழக்கமான வழியில் போனேன். இறந்தவரின் விருப்பம் இரண்டு விதமாகத் தெரிந்தால், பிந்திச் சொன்னதை எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். எப்போது சொன்னான் என்று கேட்டேன்.

“போன வருஷ ஆயுத பூசை அன்னிக்கு” என்றாள் உன் மனைவி. “காலையில, சாமானுக்குச் சந்தனம் வைக்கும்போது.”

செண்பகம் ஒரு நொடி தயங்கினாள். “எங்கிட்டயும் அன்னிக்குத்தான் மாமா. சாயந்தரம், பொரி கடலை குடுக்கப் போகும்போது.”

ஒரே நாள். காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று. மாலையில் சொன்னதே செல்லும் என்று தீர்ப்புச் சொல்லலாம்தான். ஆனால் சாட்சி சொல்பவர்கள் உன் மனைவியும் உன் மகளும், சொன்னவன் நீ. யாரிடமும் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்லாதவன். வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் “நாளைக்கு ஆயிரும் அண்ணாச்சி” என்று சொல்லி அனுப்பியவன். நீ அன்றைக்கு மனைவியின் முகத்தைப் பார்த்து ஒன்றும் மகளின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லியிருந்தால், இரண்டுக்குமே மதிப்பில்லை. இப்படி நினைத்ததும் எனக்கே சங்கடமாக இருந்தது.

“நீங்க சொல்லுங்க அண்ணாச்சி” என்றாள் உன் மனைவி. “உங்ககிட்ட அவிய என்னதான் சொன்னாவ? நீங்க சொல்லுதத நான் கேட்டுக்கிடுதேன்.”

“நானும் கேட்டுக்கிடுதேன்” என்றாள் செண்பகம்.

இரண்டு பேரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கூண்டில் ஏறியவனின் வாய் ஏன் உலர்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கேட்டதைக் கேட்டபடி சொன்னேன்: “ஷெட்டுக்குத் தரை போடணும் மொதல்ல என்றான்.”

கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். “நல்லாருக்கு! பெட்டி கேட்டு வந்த எடத்துல சிமெண்டு மூடை கேக்கீங்க. அது எதுத்த கடை அண்ணாச்சி.”

செண்பகத்தின் முகம் மலர்ந்தது. “பாத்தியாம்மா? ஷெட்டுன்னுதான் சொல்லியிருக்காவ.”

“அவிய தனக்குச் சொல்லியிருப்பாவ. தான் நின்னு வேல பாக்க. ஒனக்குன்னு சொன்னாவளா? கேளு ஒன் மாமாகிட்ட.”

உனக்கென்று சொன்னாயா, அவளுக்கென்று சொன்னாயா? நான் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். நீ, அதைத்தான் சொல்கிறேன் என்றாய். அவளுக்கென்று கொள்ள இடம் இருக்கிறது. நிச்சயமாகக் கொள்ள இடம் இல்லை. “தெரியவில்லை தங்கச்சி” என்றேன். இவ்வளவு காலத் தொழிலில் அந்தச் சொல்லை இத்தனை மெதுவாக நான் சொன்னதில்லை.

உன் மனைவி என்னை நம்பினாள் என்பதுதான் இன்னும் வலிக்கிறது. தனக்குச் சாதகமாகச் சொல்லச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலை முந்தானையால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சிறு பெட்டியின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்துத் திரும்ப வைத்தாள்.

செண்பகம்தான் கடைக்காரரிடம் கேட்டாள். டிராலியை ஷெட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கட்டுமா? இடம் கொள்ளவில்லை என்றால் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன்.

“ஒங்கப்பா எடுத்துட்டுப் போன சாமான என்னிக்காவது அழுக்கோட திருப்பித் தந்திருக்காவளா? கொண்டுட்டுப் போ தாயி” என்றார். லோடு ஆட்டோவில் கயிறு கட்டி ஏற்றினார்கள். நான் பின்னால் போனேன். உன் மனைவி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் ஆட்டோவின் முன்பக்கம், டிரைவருக்குப் பக்கத்தில், சிறு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை யார் அழைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் அழைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மழை விட்டிருந்தது. உன் ஷெட்டின் தகரக் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரோட்டோரத் தண்ணீர் உள்ளே ஊறி, கோடையில் வெடித்துக் கிடந்த தரை முழுக்க ஊதி எழும்பியிருந்தது. உன் காலத்தில் எத்தனை லாரியின் எண்ணெய் குடித்த மண் அது. செண்பகமும் டிரைவரும் டிராலியை இறக்கி உள்ளே தள்ளினார்கள். நாலு அடி உருண்டது. பிறகு சக்கரங்களில் கரிசல் சுற்றிச் சுற்றி உருண்டையாகிச் சுழல மறுத்தது. செண்பகம் தோள்கொடுத்துத் தள்ளினாள். ஒருபக்கச் சக்கரம் இரண்டும் மண்ணுக்குள் இறங்கின. டிராலி சாய்ந்தது. சாய்ந்ததும் இழுப்பறைகள் எல்லாம் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் தாமாகவே திறந்துகொண்டு வெளியே நீண்டன. செண்பகம் மேலிழுப்பறையை உள்ளே தள்ளினால் கீழிழுப்பறை வந்தது. கீழே குனிந்தால் மேலது வந்து தலையில் இடித்தது.

அப்போது வாசலில் ஒரு சத்தம் கேட்டது. உன் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். நீ போன பிறகு அந்தச் சிரிப்பை யாரும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். உள்ளே வந்தாள் என்பதைத் தனியாகப் பதிவு செய்கிறேன். செருப்பில் மண் அப்பியதையும், நீ விழுந்த இடத்தை மிதிக்காமல் சுற்றி வந்ததையும் பதிவு செய்கிறேன்.

“தரை போடாம இந்த ராட்சசன எப்படிட்டி நிக்க வைப்பே?” என்றாள். “வெறும் சிமெண்ட ஊத்தினா அடுத்த கோடைக்கு வெடிச்சிரும். இந்த மண்ண முழங்கால் ஆழம் வெட்டி எறியணும். செவல்காட்டுச் சரள்மண்ண லோடு அடிக்கணும். தண்ணி விட்டு இடிக்கணும், திரும்ப அடிக்கணும். அதுக்கு மேலதான் கல்லும் சிமெண்டும். எங்கய்யா வீட்டுக்கு அப்படித்தான் போட்டாவ. இன்னிக்கும் தம்ளரு ஆடாது.”

“மழை முடிஞ்சாத்தானம்மா ஆகும்?”

“ஆமா. தை பொறக்கட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏன் அண்ணாச்சி, தரை போட்டபெறகு எடத்துக்காரரு எந்திரின்னு சொல்லிறக் கூடாதுல்லா? அதுக்கு எழுதி வாங்கணும்லா?”

நான் செண்பகத்தைப் பார்த்தேன். செண்பகம் இழுப்பறையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள், அசைந்தால் அது கலைந்துவிடும் என்பதுபோல.

“அப்படியானால் உனக்குச் சம்மதம்தானா தங்கச்சி?” என்று கேட்டுவிட்டேன். எதையும் தெளிவாக்கிக்கொள்ளாமல் விட எனக்குத் தெரியாது.

“நான் தரையப் பத்தித்தான பேசுதேன்” என்றாள்.

டிராலி கழுவித் துடைக்கப்பட்டு அன்று மாலையே கடைக்குத் திரும்பியது. தை கழியும்வரை அதே சிவப்பு டிராலியை எடுத்துவைப்பதாகக் கடைக்காரர் சொன்னார். சிறு பெட்டி ஷெட்டிலேயே தங்கியது. தரை ஆகும்வரை அதைத் தூக்கிக்கொண்டு புஞ்சைக்கும் ரோட்டுக்கும் போய் வேலை பார்க்கப் போவதாகச் செண்பகம் சொன்னாள். நாலு இடத்துக்குப் போய்வரும் பெட்டி. மதுரைக்குப் போன் செய்து வேலைக்கு வரவில்லை என்று அவள் சொன்னபோது உன் மனைவி தடுக்கவில்லை. காது கேட்காதவள்போல உன் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள்.

என் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. உன் மனைவியிடம் சிறு பெட்டி என்றாய். என்னிடம் தரை என்றாய். மகளிடம் பெரிய பெட்டி என்றாய். நாங்கள் மூவரும் அவற்றை ஒன்றுக்கொன்று பகையாக வைத்துச் சண்டை போட்டோம். இப்போது வரிசைப்படுத்திப் பார்த்தால், முதலில் சிறியது, பிறகு தரை, பிறகு பெரியது என்று நீ சாக்கில் அடுக்கும் ஒழுங்கில் அவை நிற்கின்றன. ஒரே திட்டத்தை மூன்றாக வெட்டி, யார் யாரால் எதைத் தாங்க முடியுமோ அதை மட்டும் அவரவரிடம் கொடுத்தாயா? அல்லது கேட்டவர் மனம் நோகாமல் எதையோ சொல்லிவிட்டுப் போனாயா? முதலாவது உண்மை என்று நம்ப விரும்புகிறேன். விரும்புவது ஆதாரம் ஆகாது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் ஒரு நொடியில் தீரும். கேட்டிருந்தாலும், “நாளைக்குச் சொல்லுதேன்லே” என்றிருப்பாய்.

புறப்படும் நேரத்தில் ஸ்பேனரை எடுத்துச் செண்பகத்திடம் நீட்டினேன். அவள் சாக்கை விரித்து உன் சாமான்களைச் சிறு பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். பத்து-பதினொன்றின் இடத்தைச் சாக்கில் அப்படியே காலியாக விட்டிருந்தாள். அது கிடைத்த விதத்தைச் சொன்னதும் துணியை முகர்ந்து பார்த்தாள். பிறகு அதே துணியில் சுற்றி என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

“இது உங்க வண்டியிலேயே கெடக்கட்டும் மாமா. அந்தப் பேட்டரி முனை இன்னும் ஆடத்தான் செய்யுது. எங்கயாவது நின்னுட்டா போன் போடுங்க. பெட்டி எடுக்காம வெறுங்கையோட வாரேன்.”

“அவன் இதை மறந்து வைத்தானா, வேண்டுமென்றே வைத்தானா?”

“அத நீங்கதான் சொல்லணும். வக்கீலு நீங்களா நானா?”

மறந்து வைத்தாய் என்பதற்கு, மறுநாள் புஞ்சையில் தேடியது ஆதாரம். வேண்டுமென்றே வைத்தாய் என்பதற்கு, அது துணியில் அத்தனை பக்குவமாகச் சுற்றப்பட்டிருந்தது ஆதாரம். இரண்டையும் எடைபோட்டு எந்த முடிவுக்கும் வராமல் இருக்கிறேன். ஸ்பேனர் என் இருக்கைக்கு அடியில், எடுத்த இடத்திலேயே இருக்கிறது. மழைக்கோட்டை விரிக்கும்போதெல்லாம் மண்ணெண்ணெய் வாசம் வருகிறது. கோட்டைத் துவைக்கவில்லை. நேற்று எட்டயபுரம் ரோட்டில் வண்டி லேசாகத் திணறியது. நின்றுவிடுமோ என்று பயந்தேனா, நிற்கட்டும் என்று நினைத்தேனா என்பதையும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மேலே கண்டவற்றை ஷெட்டில் வைத்துச் சாட்சிகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்கள் கேட்டு, தத்தம் குறிப்போடு கையெழுத்திட்டார்கள்.

(ஒப்பம்)
ஆவுடையப்பன்
வழக்குரைஞர், கோவில்பட்டி

சாட்சிகள்:

ராஜலட்சுமி — தரை சம்பந்தமாகச் சொல்லப்பட்டவற்றுக்கு மட்டும்.

செண்பகவல்லி, மெக்கானிக் — முழுவதற்கும்.